ஈட்டி எறிந்த கை

போன கோடை விடுமுறைக்குப் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். பெட்டியைத் திறந்ததும் சட்டை, சாக்லேட் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய தோல் உறையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான். பார்க்க, சின்ன முறத்தை மடக்கித் தைத்த மாதிரி இருந்தது.

"என்னடா, விக்கெட் கீப்பர் கிளவுஸ் ஒண்ணுதான் இருக்கு? இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டேன்.

"தாத்தா, இது பேஸ்பால் கிளவ். ஒண்ணுதான் இருக்கும்" என்றான்.

முப்பத்திரண்டு வருடம் கம்பம் பள்ளத்தாக்கில் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். அன்றைக்கு ஒன்பது வயதுப் பையனிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டேன்.

இரவு அவனே ஒரு படம் போட்டுக் காட்டினான். 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று பெயர். 2014இல் வந்த ஆங்கிலப் படம். நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசை என்றான், அதற்காகத்தான் உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து போய்விடலாம் என்றிருந்தவன் கடைசிவரை பார்த்தேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. படத்தில் வரும் இரண்டு பையன்களும் ஈட்டி எறிந்தவர்கள். எனக்கும் ஈட்டி எறிகிற ஒரு பையனோடு தீராத கணக்கு ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த இருவருடைய உண்மைக் கதையைப் பார்ப்போம்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டோடு வைத்துப் பார்த்தால் சுலபம். பந்து போடுகிறவரை அங்கே பிட்சர் என்கிறார்கள். அவர் நிற்கும் இடத்துக்கும் மட்டைக்காரர் நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். நம்ம கிரிக்கெட் பிட்சைவிடக் கொஞ்சம் குறைவு. பந்து தரையில் குத்தி எழும்பக் கூடாது, நேராக வர வேண்டும். ஓடி வந்து போடுவது கிடையாது. சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும். முக்கியமான வித்தியாசம் முழங்கை. கிரிக்கெட்டில் மடங்கிய முழங்கையை நீட்டி வீசினால் 'எறிகிறான்' என்று அம்பயர் கையை நீட்டிவிடுவார். பேஸ்பாலில் எறிவதுதான் ஆட்டமே. மாந்தோப்பில் காவல்காரன் வருவதற்குள் கல்லை விட்டுக் காயைத் தட்டுவோமே, அந்தக் கை வேண்டும். தோளில் பிறந்து முழங்கையில் முறுகி விரல்நுனியில் விடுபடும் எறி. ஈட்டிக்கும் அதுதான்.

இனி கதை. ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்று ஓர் அமெரிக்கர். விளையாட்டு வீரர்களுக்கு விளம்பர ஒப்பந்தம் பேசி முடித்துத் தருவது அவர் தொழில். நூறு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற இந்தியாவில், தெருத்தெருவாகக் கிரிக்கெட் ஆடுகிற ஊரில், பேஸ்பாலுக்கு ஏற்ற கை ஒன்றுகூடவா இருக்காது என்று அவருக்கு யோசனை. இந்தியாவில் ஆள் கிடைத்தால் இந்தியாவில் பார்வையாளர்களும் கிடைப்பார்கள் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. ஊர் ஊராகப் போட்டி வைத்தார். வேகத்தை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் பந்தை எறியச் சொல்வது. இலக்குக்குள் விழ வேண்டும், வேகமும் இருக்க வேண்டும். 37,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

2008இல் முதலாவதாக வந்தவர் ரிங்கு சிங். மணிக்கு 87 மைல் வேகம். நம்ம கணக்கில் 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். இரண்டாவது வந்தவர் தினேஷ் குமார் படேல். பெர்ன்ஸ்டைன் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களைத் தேடி வந்தார். கிடைத்தவர்கள் இருவரும் ஈட்டி எறிபவர்கள். இருவருமே லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் பயின்றவர்கள்.

ரிங்கு உத்தரப் பிரதேசத்தில் பதோஹி மாவட்டத்துக்காரர். கம்பளம் நெய்கிற ஊர்ப்பக்கம். அப்பா லாரி டிரைவர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். தினேஷ் காசிக்குப் பக்கத்துக் கிராமம், அவரும் ஏழை வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் அப்போது இருபது வயது ஆகவில்லை. பேஸ்பால் என்ற ஆட்டம் உலகத்தில் இருப்பதே இருவருக்கும் தெரியாது. ஊரைவிட்டு லக்னோ விடுதிக்குப் போனதே அந்த வீடுகளுக்குப் பெரிய பயணம். அங்கிருந்து விமானம் ஏறி லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள்.

அங்கே அவர்களைப் பயிற்றுவித்தவர் டாம் ஹவுஸ். தானே மேஜர் லீக்கில் பிட்சராக ஆடியவர். எறிகிற கையின் இயக்கத்தை எலும்பு எலும்பாக, தசை தசையாக ஆராய்ந்தவர் என்று பெயர் பெற்றவர். ஓடி வந்து, கோணம் பார்த்து வானத்தை நோக்கி விடுவது ஈட்டி. மேட்டில் நின்று, சரிவில் இறங்கி, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட ஒரு சின்னச் சதுரத்துக்குள் விடுவது பேஸ்பால். கை ஒன்றுதான் என்றாலும் பழக்கம் அடியோடு வேறு. அதோடு கிளவ் மாட்டிப் பந்து பிடிக்க வேண்டும், ஆட்டத்தின் விதிகள் தெரிய வேண்டும், இங்கிலீஷ் தெரிய வேண்டும். இது அத்தனைக்கும் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆறு மாதம்.

ஒரு பி.டி. வாத்தியாராகச் சொல்கிறேன், இது சாதாரணக் காரியம் இல்லை. அமெரிக்காவில் பையன்கள் ஐந்து வயதில் பந்தைப் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பதினெட்டு வயதுக்குள் அவர்களுக்குள் ஊறிப்போகும் விஷயங்களைப் பத்தொன்பது வயதில் அ, ஆவிலிருந்து தொடங்குவது என்றால் யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் பெரிய அணிகளின் ஆள்தேடிகள் முன்னால் எறிந்து காட்டினார்கள். 2008 நவம்பர் 24இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணியோடு கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்தான். படம் ஏறத்தாழ இத்தோடு முடிந்துவிடுகிறது. கைதட்டல், இசை, எழுத்துகள் ஓடுகின்றன. எனக்கோ, அதற்கப்புறம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மறுநாள் பேரனை உட்காரவைத்துத் தேடித் தேடிப் படித்தேன்.

ஒப்பந்தம் செய்தவுடன் பெரிய மைதானத்தில் இறக்கிவிட மாட்டார்கள். மேஜர் லீக்குக்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள். நமக்கு மண்டலம், மாவட்டம், மாநிலம் என்று இருக்கிற மாதிரி. ஒப்பந்தம் ஆகிறவர்களில் பெரும்பாலோர் உச்சிப்படியைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம்மவர்கள் இருவரும் அப்போது புளோரிடாவில் நடந்த கல்ஃப் கோஸ்ட் லீக் என்ற அடிப்படியில் தொடங்கினார்கள். 2009 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, முதல் ஆட்டம். ஜூலை 13இல் ரிங்குவின் கணக்கில் ஒரு வெற்றி எழுதப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியப் பிட்சருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

அந்த முதல் பருவத்தில் தினேஷுக்குக் கிடைத்த வாய்ப்பு குறைவு. கிடைத்த வாய்ப்பில் அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களும் குறைவு. கணக்குப் பார்த்தால் ரிங்குவைவிட அவர்தான் சிக்கனம். அடுத்த ஆண்டு தலைகீழாயிற்று. ரிங்கு தேறி வந்தார், தினேஷ் அடிவாங்கினார். 2010 முடியும்போது தினேஷை அணி விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பினார். படிப்பைத் தொடர்ந்தார், மறுபடி ஈட்டியைக் கையில் எடுத்தார், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேஸ்பாலும் சொல்லிக்கொடுத்தார்.

ரிங்கு அங்கேயே இருந்தார். ஒவ்வொரு படியாக ஏறினார். மேற்கு வர்ஜீனியாவில் ஆடினார். அமெரிக்காவில் பருவம் இல்லாத மாதங்களில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் கான்பெரா அணிக்கு ஆடினார். மேலே ஏறுகிற நேரத்தில், 2013இல், கை போய்விட்டது. முழங்கையில் உள்ள தசைநார் கிழிந்தால், உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கோத்துத் தைக்கிறார்கள். 1974இல் டாமி ஜான் என்ற வீரருக்கு முதன்முதல் செய்ததால் டாமி ஜான் ஆபரேஷன் என்றே அதற்குப் பெயர். ரிங்குவுக்கும் அது நடந்தது. வருடம் வருடமாகத் திரும்பி வர முயன்றார், முடியவில்லை. மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்துகூட எறியாமல் அந்த வாழ்க்கை முடிந்தது.

ஆனால் ஆள் உட்கார்ந்துவிடவில்லை. 2018 ஜனவரியில் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்தார். நெற்றியில் பட்டையும் நீண்ட தாடியுமாக 'வீர் மஹான்' என்று மேடையேறியவர் அவர்தான். பேரன் இதைக் கேட்டதும் குதித்தான். அவனுக்கு வீர் மஹானைத் தெரியும். அவர் ஈட்டி எறிந்தவர் என்பதுதான் தெரியாது.

இந்தக் கதையை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பேருமே ஜெயிக்கலேன்னு சொல்லுங்க" என்றார். ஒருவன் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டான், இன்னொருவன் உச்சியைத் தொடவில்லை. சரிதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கியூபா வரை போய்வர வேண்டும்.

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படித்தான் கியூபாவுக்குப் பேஸ்பால். கரும்புத் தோட்டங்களும் புகையிலையும் நிறைந்த அந்தத் தீவில் 1860களிலேயே ஆட்டம் வேரூன்றிவிட்டது. அந்நாளில் நாட்டை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் அதைத் தடைகூடச் செய்து பார்த்தார்கள். அங்கே பிறந்த நல்ல பிட்சர்கள் அமெரிக்காவுக்குப் போய் ஆடுவதும், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதும் வழக்கம். நம்ம ஊர்க்காரர்கள் மலையேறிப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுத் திரும்புகிற மாதிரி. லூயிஸ் டியான்ட் என்பவரின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அவர் கறுப்பர். அந்தக் காலத்தில் கறுப்பர்களை மேஜர் லீக்கில் சேர்க்க மாட்டார்கள். கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த லீக்கில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடினார். எவ்வளவு திறமை இருந்தும் பெரிய மைதானத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

மகன் லூயிஸ் 1940இல் பிறந்தவர். ஒரே பிள்ளை. அப்பாவைப் போலவே பிட்சர். 1961இல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணமும் அங்கேதான். புதுப் பெண்ணோடு ஊருக்குப் போகலாம் என்றிருந்தபோது, வர வேண்டாம் என்று அப்பாவிடமிருந்து கடிதம். காஸ்ட்ரோவின் அரசு அந்த ஆண்டு தொழில்முறை விளையாட்டை ஒழித்துவிட்டது. திரும்பி வந்தால் மறுபடி வெளியே போக முடியாது. வெளியிலேயே இருந்தால் மறுபடி உள்ளே வர முடியாது. இருபது வயதுப் பையன் அப்பா சொல்லைக் கேட்டான்.

1964இல் கிளீவ்லாண்ட் அணிக்கு மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். எதிரே நியூயார்க் யாங்கீஸ். ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். 1968இல் 21 ஆட்டங்களை வென்றார். பிறகு தோள்பட்டை எலும்பில் அடி. இனி இவன் முடிந்தான் என்று அணிகள் கைவிட்டன. பாஸ்டன் ரெட் சாக்ஸ் சேர்த்துக்கொண்டது. மட்டைக்காரருக்கு முதுகைக் காட்டிச் சுழன்று திரும்பி எறிவது அவர் பாணி. பந்து எங்கிருந்து வருகிறது என்றே ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. பாஸ்டன் ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தம் ஹவானாவில் இருந்த அப்பா காதில் மட்டும் விழவில்லை.

1975இல் ஜார்ஜ் மெக்கவர்ன் என்ற அமெரிக்கச் செனட்டர் கியூபாவுக்குப் போனார். டியான்ட்டின் பெற்றோரை அனுப்பிவைக்கும்படி பாஸ்டன் பக்கத்துச் செனட்டர் ஒருவர் எழுதிய கடிதம் அவர் கையில். காஸ்ட்ரோவும் பேஸ்பால் பைத்தியம்தான். சம்மதித்தார். ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அப்பாவும் மகனும் கட்டிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் மரியாதைப் பந்தை எறிய அந்த முதியவரை மைதானத்துக்குள் அழைத்தார்கள். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். எறிந்தார். பந்து தாழ்ந்து போய்விட்டது. பந்தைத் திரும்பப் போடு என்று சைகை காட்டினார். இரண்டாவது முறை சரியான இடத்தில் விட்டார். வாழ்நாளில் அவருக்கு மறுக்கப்பட்ட மைதானம் அது. அந்த அக்டோபரில் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை மகன் ஓட்டமே கொடுக்காமல் ஜெயித்தார், பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க. தொடரை பாஸ்டன் தோற்றது வேறு விஷயம். அடுத்த ஆண்டு டிசம்பரில் அப்பா போனார். இரண்டொரு நாளில் அம்மாவும் போனார். இருவரும் மறுபடி கியூபா மண்ணை மிதிக்கவில்லை. டியான்ட் மிதித்தது 2007இல். போய் 46 வருடங்கள் ஆகியிருந்தன. 229 வெற்றிகள் பெற்ற அந்தக் கை 2024 அக்டோபரில் ஓய்ந்தது.

இன்னும் ஒருவர். ஹோசே பெர்னாண்டஸ். கியூபாவிலிருந்து படகில் தப்ப முயன்று பிடிபட்டு, சின்ன வயதிலேயே சிறையைப் பார்த்தவர். பதினைந்து வயதில் மறுபடி படகேறினார். நடுக்கடலில் யாரோ தண்ணீரில் விழுந்துவிட, இவர் குதித்து இழுத்து வந்தார். இழுத்த பிறகுதான் அது தன் அம்மா என்று தெரிந்தது. 2013இல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம். 2016இல் மயாமி கடலில் படகு விபத்தில், 24 வயதில் போய்விட்டார். அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 2008இல். அதே ஆண்டுதான் ரிங்குவும் தினேஷும் டிக்கெட்டைக் காட்டி விமானம் ஏறியது.

இப்போது நண்பருக்குப் பதில் சொல்கிறேன். வெற்றிக் கணக்கு எழுதினால் டியான்ட் எங்கே, தினேஷ் எங்கே. ஒப்பிடவே முடியாது. ஆனால் டியான்ட்டுக்கு இல்லாத ஒன்று தினேஷுக்கு இருந்தது. முடியவில்லை என்றதும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர முடிந்தது. கையை அளந்து பார்க்க ஒருவர் வந்தார். அளந்த பிறகு போக ஒரு வழி இருந்தது. போன பிறகு திரும்பவும் வழி இருந்தது. இந்த மூன்றும் ஒருவனுக்கு அமைவது அபூர்வம். நல்ல கை எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்த மூன்றும்தான் எல்லா ஊரிலும் இல்லை.

இனி என் கணக்கு.

1980களின் நடுவில், தேனி தனி மாவட்டம் ஆகாத காலம். நாமெல்லாம் மதுரை மாவட்டம்தான். எங்கள் பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வருவான். பெயர் வேண்டாம். வயல் காவலில் கவண் சுற்றி வளர்ந்த கை. பள்ளியில் இருந்தது ஒரே ஒரு மூங்கில் ஈட்டி, முனையில் இரும்புப் பூண் போட்டது. முதல் நாள் எறியச் சொன்னேன். மைதானத்து எல்லையைத் தாண்டி வாய்க்கால் கரையில் போய்க் குத்தி நின்றது. டேப்பின் நீளம் போதாமல் இரண்டு தடவை அளந்தேன். அந்த வருடம் மண்டலப் போட்டியில் இரண்டாவது வந்தவனுக்கும் அவனுக்கும் ஏழு மீட்டர் இடைவெளி.

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. மதுரையில், ஒரு திங்கட்கிழமை காலை. பையன் அதுவரை மதுரையைப் பார்த்ததில்லை. அப்பா மலையில் ஏலத் தோட்டத்தில் வேலை, வாரக்கடைசியில்தான் இறங்குவார். யாராவது கூட்டிப் போக வேண்டும். என்னிடம் வந்து நின்றான்.

"சார், நீங்க வாரீங்களா?"

அந்த வாரம் எனக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்தது. கேட்டால் யாராவது மாற்றிக்கொண்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்டா, உனக்கு வயசு இருக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அடுத்த வருடம் பள்ளி திறந்தபோது அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. அப்பாவோடு மலைக்குப் போய்விட்டான்.

யார்மீதும் பழி போட எனக்கு வழியில்லை. தலைமை ஆசிரியர் தடுக்கவில்லை, பணம் பிரச்சினையில்லை. ஒரு பஸ் பயணம், ஒரு நாள் லீவு. அவ்வளவுதான்.

பேரன் வந்துபோன பிறகு ஒரு விடிகாலை, நடைக்குப் போனவன் கம்பத்தில் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் நின்றேன். ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜீப் ஓட்டுகிறவர்களில் அவனும் ஒருவன். நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டான். மேலே ஏற்றிய மூட்டைகளைக் கட்டக் கயிற்றுச் சுருளை ஒரு கையால் தூக்கி எறிந்தான். சுருள் பிரிந்துகொண்டே ஜீப்பைத் தாண்டி அந்தப் பக்கம் சரியான இடத்தில் விழுந்தது. அதே கை.

டீ குடித்துக்கொண்டே இந்த இரண்டு பையன்களின் கதையை அவனிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பரிசுப் பணத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. மல்யுத்தத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"அந்தத் திரும்பி வந்த பையன் இருக்கான்ல சார், அவனை வீட்ல என்ன சொல்லியிருப்பாங்க?" என்றான். நான் யோசிப்பதற்குள் அவனே பதிலும் சொன்னான். "கையக் கழுவிட்டு வந்து உக்காரு, சோறு போடுறேன்னு சொல்லியிருப்பாங்க. வேற என்ன சொல்லுவாங்க? ஒரு தடவ போயிட்டு வந்துட்டான்ல. அது போதும் சார்."

நான் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். ஜீப் கம்பம் மெட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

என் வயது நண்பர்களுக்கு, முக்கியமாகப் பென்ஷன் வாங்குகிற வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஏதாவது ஒரு பிள்ளைக்குத் தேனியிலோ மதுரையிலோ தேர்வு என்று வந்தால், கூட்டிப்போக ஆள் இல்லை என்றால், நீங்கள் கூடப் போங்கள். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே. தேர்வாகாவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பக் கூட்டி வந்து வீட்டில் விட்டுவிடலாம்.